தின்னாத கொழுப்பு

கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்க்கலாம். வெறும் வயிற்றோடு வரிசையில் காத்திருப்பவர்களில் பலர் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர், ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர், இருபோக வயலில் நாற்று நடுகிறவர் என்று எல்லாரும் இருப்பார்கள். தொப்பை என்ற ஒன்றையே அறியாத உடம்புகள். ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இவர்களில் சிலர் கேட்கிற கேள்வி ஊருக்கு ஊர் மாறுவதில்லை: “எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்ல சார். கறி எடுக்குறது மாசத்துக்கு ஒரு நாளு. எனக்கு எப்பிடிக் கொழுப்பு வந்துச்சு?”

நியாயமான கேள்விதான். வழக்கமாகக் கிடைக்கும் பதில், சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்பது. தினமும் மலையேறி இறங்குகிற பெண்ணிடம் நடக்கச் சொல்வதில் உள்ள வேடிக்கையை விட்டுவிடலாம். சோற்றைப் பற்றிச் சொன்னது சரி. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அது வாய் வழியாக உள்ளே போவதில்லை.

ரிப்போர்ட்டின் நான்கு வரிகள்

கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் முக்கியமாக நான்கு எண்கள் இருக்கும். மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., ஹெச்.டி.எல்., டிரைகிளிசரைடு. கொலஸ்ட்ரால் என்பது செல்களின் சவ்வைக் கட்டவும் ஹார்மோன்கள் செய்யவும் உடலுக்குத் தேவைப்படும் மெழுகு போன்ற பொருள். டிரைகிளிசரைடு என்பது எரிபொருளாகச் சேமிக்கப்படும் கொழுப்பு. இரண்டுமே ரத்தத்தில் கரையாதவை. ஆகவே புரதம் சுற்றிய பொட்டலங்களாகத்தான் பயணம் செய்யும். அந்தப் பொட்டலங்களில் இரண்டு வகைதான் எல்.டி.எல்.லும் ஹெச்.டி.எல்.லும்.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. விடியலில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகளில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் போகின்றன. சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருகின்றன. கல்லீரலிலிருந்து கொலஸ்ட்ராலை உடலெங்கும் ஏற்றிப்போகும் ஜீப் எல்.டி.எல். மிஞ்சியதைத் திரும்பக் கல்லீரலுக்கு இறக்கிவரும் ஜீப் ஹெச்.டி.எல். காலையில் போகும் வண்டி கூடினாலும் சாயங்காலம் வரும் வண்டி குறைந்தாலும் ஆட்கள் மலையிலேயே தங்கிப்போவார்கள். உடலில் அந்த மலை, ரத்தக்குழாயின் உட்சுவர்.

இந்தியர்களின் சிக்கல் பெரும்பாலும் சாயங்கால வண்டியில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த பெரிய ஆய்வு ஒன்றின் முதல் கட்டக் கொழுப்பு முடிவுகள் 2014-ல் வெளியாயின. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த ரத்த மாதிரிகளில், நூறு பேரில் 79 பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு எண் சரியில்லை. பிரித்துப் பார்த்தபோது ஹெச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72 பேர், டிரைகிளிசரைடு அதிகம் இருந்தவர்கள் சுமார் 30 பேர், எல்.டி.எல். அதிகம் இருந்தவர்கள் 12 பேர்.

இந்த எண்களைப் புரிந்துகொள்ள முக்கியமான சேதி ஒன்று உண்டு. ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரிக்கிறது. டிரைகிளிசரைடை, எண்ணெயே படாத வெறும் சோற்றிலிருந்தும் கல்லீரல் செய்துகொள்ளும். எண்ணெயைக் கண்ணில் காட்டாதவருக்கும் கொழுப்பு கூடுவது இப்படித்தான். கொழுப்பைச் செய்வது, ஏற்றுவது, இறக்குவது என்ற மூன்று வேலைகளில் எது தடுமாறினாலும் ரிப்போர்ட்டின் எண் மாறும். சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றாலும் அந்தத் தடுமாற்றம் வரலாம்.

ஒரு நாளின் கணக்கு

அந்த ஒன்று, மூச்சோடு உள்ளே போகும் புகை. காற்றில் மிதக்கும் துகள்களில் 2.5 மைக்ரானுக்கும் சிறியவற்றைப் பி.எம். 2.5 என்கிறார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இந்தத் துகள். இங்கே இதை நுண்துகள் என்றே அழைக்கலாம். மூக்கின் மயிரும் தொண்டைச் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். நுண்துகள் அவற்றுக்குத் தப்பி நுரையீரலின் கடைக்கோடிக் காற்றுப்பைகள் வரை போய்விடும்.

எவ்வளவு போகும்? தமிழ்நாட்டிலேயே அளந்த எண்கள் இருப்பதால் கணக்கைப் போட்டே பார்க்கலாம். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகு, சுள்ளி, வரட்டி எரியும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை துகள் இருந்தது. சமைப்பவர் 24 மணி நேரத்தில் சராசரியாகச் சுவாசித்தது கனமீட்டருக்கு 231 மைக்ரோகிராம். சமைக்காதவர் சுவாசித்தது 90. அவர்கள் அளந்தது நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய துகள்களை. பி.எம். 2.5-ஐவிடச் சற்றுப் பெரியவையும் அதில் சேரும்.

வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 11,000 லிட்டர் காற்றை, அதாவது 11 கனமீட்டரை உள்ளே இழுக்கிறார். விறகடுப்பில் சமைக்கும் பெண்ணுக்கு 231-ஐ 11-ஆல் பெருக்கினால் சுமார் 2,540 மைக்ரோகிராம். அதாவது இரண்டரை மில்லிகிராம். அதே வீட்டில் சமைக்காதவருக்கு ஒரு மில்லிகிராம். ஒரே கூரையின் கீழ், ஒரே குழம்பைச் சாப்பிடும் இரண்டு பேருக்குள் இரண்டரை மடங்கு வித்தியாசம்.

இதை ஓர் ஆண்டுக்கு நீட்டினால் சமைக்கும் பெண்ணின் மூச்சில் போனது சுமார் 925 மில்லிகிராம். முழுதாக ஒரு கிராம்கூட இல்லை. தாளிக்க ஊற்றும் ஒரு டீஸ்பூன் எண்ணெயின் எடை நாலரை கிராம். ஓர் ஆண்டு முழுக்க உள்ளே போன புகை, ஒரே ஒரு தாளிப்பு எண்ணெயின் ஐந்தில் ஒரு பங்கு எடைதான். அதிலும் ஒரு பகுதி மூச்சோடு வெளியே வந்துவிடுகிறது.

இவ்வளவு அற்பமான எடையா உடலின் கொழுப்பைக் குலைக்கும் என்று கேட்கத் தோன்றும். எடையை விட்டுவிட்டுப் பரப்பைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். புகைத் துகள்கள் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் சிறியவை. 0.2 மைக்ரான் குறுக்களவுள்ள துகள்களாக ஒரு கிராம் இருந்தால் அவற்றின் மேற்பரப்பு மொத்தம் சுமார் 30 சதுர மீட்டர். 300 சதுர அடிக்கும் மேல். அந்தப் பரப்பெல்லாம் பாதி எரிந்த கரி, தார்ப்பொருள், உலோகத் துணுக்கு ஆகியவை ஒட்டிக்கொண்டிருக்கும் இடம். உடலின் செல்கள் மோதவேண்டியது இந்தப் பரப்போடுதான்.

நுரையீரலில் தொடங்கும் சண்டை

காற்றுப்பைகளுக்குள் காவலுக்குச் சில செல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்நியப் பொருளைக் கண்டால் சூழ்ந்து விழுங்கிவிடும். விழுங்கணுக்கள் என்று பெயர் வைக்கலாம். கிருமியை விழுங்கிச் செரிப்பது இவற்றுக்குக் கைவந்த கலை. கரித்துகளைச் செரிக்க முடியாது. விழுங்கிய செல் திணறுகிறது, உதவிக்கு ஆள் கூப்பிடும் வேதிப்பொருள்களைக் கக்குகிறது. இன்டர்லூகின்-6 போன்ற அந்தச் சமிக்ஞைகள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகின்றன.

கல்லீரலுக்கு அந்தச் செய்தி ‘எங்கோ தொற்று, தயாராகு’ என்பதாகக் கேட்கிறது. தொற்றுக் காலத்தில் உடல் எரிபொருளைத் திரட்டி ரத்தத்தில் விடும். டிரைகிளிசரைடு ஏறும், ஹெச்.டி.எல். இறங்கும். கடும் காய்ச்சல் நேரத்தில் கொழுப்புப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். காய்ச்சல் நாலு நாளில் போய்விடும், எண்களும் பழைய நிலைக்கு வந்துவிடும். அடுப்பு தினமும் எரிகிறது. சத்தமில்லாமல், சூடு தெரியாமல், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்த மெல்லிய அழற்சியைத்தான் ஆய்வாளர்கள் முதல் குற்றவாளியாகக் காண்கிறார்கள்.

கொழுப்புத் திசுவிலும் இதே கதை. அழற்சி நிலவும் இடத்தில் இன்சுலின் தட்டினாலும் செல்கள் கதவைத் திறக்கத் தயங்குகின்றன. இதற்கு இன்சுலின் தடை என்று பெயர். சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. கொழுப்புச் செல்கள் தம்மிடம் உள்ள கொழுப்பைக் கசியவிடுகின்றன. அது கல்லீரலுக்குப் போய் மறுபடி டிரைகிளிசரைடாகி வெளியே வருகிறது. சர்க்கரை ரிப்போர்ட்டும் கொழுப்பு ரிப்போர்ட்டும் பெரும்பாலும் சேர்ந்தே கெடுவதற்கு இந்தச் சுழல் ஒரு காரணம்.

நரம்பு வழியே ஒரு குறுக்குப்பாதை

அழற்சி மெதுவாக நடக்கும் வேலை. இதைவிட வேகமான பாதை ஒன்றும் உண்டு என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆரோக்கியமான 24 பேரை ஓர் அறையில் அமர்த்தி, இடையிடையே உடற்பயிற்சி செய்யவைத்து, இரண்டு மணி நேரம் ஓசோன் என்ற மாசு வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு அதே அறையில் சுத்தமான காற்று. 2016-ல் வெளியான முடிவு: ஓசோன் நாளில் கார்டிசால் உள்ளிட்ட மன அழுத்த ஹார்மோன்கள் கூடியிருந்தன. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களும் கூடியிருந்தன.

சாப்பாடு மாறவில்லை, வேலை மாறவில்லை, இரண்டு மணி நேரத்துக் காற்று மட்டும் மாறியது. சுவாசப்பாதையின் நரம்புகள் எரிச்சலை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, மூளை ஆபத்து மணியை அடிக்க, உடல் ஓடத் தயாராவதைப்போலக் கொழுப்பை ரத்தத்தில் இறக்கிவிட்டது. ஓடவில்லை என்றால் அந்தக் கொழுப்பு மீண்டும் கல்லீரலுக்கே போகும். ஆய்வில் தந்த ஓசோன் அளவு சாதாரணத் தெருக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதை இருக்கிறது என்று நிரூபிக்க அது போதும். தெருவில் அந்தப் பாதையில் எவ்வளவு போக்குவரத்து என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது பாதையும் உண்டு. துகள்களே நேராக ரத்தத்துக்குள் நுழைவது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆரோக்கியமான சிலருக்கு மிக நுண்ணிய தங்கத் துகள்களைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். தங்கம் உடலில் எதனோடும் வினைபுரியாது, எளிதில் கண்டுபிடிக்கலாம், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நாளுக்குள் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் தங்கம் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. கழுத்து ரத்தக்குழாயில் அறுவைச் சிகிச்சைக்கு இருந்த நோயாளிகளிடம் செய்து பார்த்தபோது, வெட்டியெடுத்த கொழுப்புப் படிவத்துக்குள்ளேயே அது சிக்கியிருந்தது. 2017-ல் இந்த முடிவு வந்தபோது துறை சார்ந்தவர்களே சற்றுத் திகைத்தார்கள் என்றால் வியப்பில்லை.

ஓடாத ஜீப்

ஹெச்.டி.எல். எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் ரிப்போர்ட் சொல்லும். அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. மலையடிவாரத்தில் பத்து ஜீப் நிற்கலாம். எஞ்சின் பழுதாகி நின்றால் ஆட்களை யார் இறக்குவது?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹெசூஸ் அரௌஹோ குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலை ஒன்றின் அருகே ஒரு நடமாடும் ஆய்வகத்தை நிறுத்தி, ரத்தக்குழாய் அடைப்பு எளிதில் வரும் வகை எலிகளுக்கு அந்தச் சாலைக் காற்றின் துகள்களைச் செறிவாக்கிக் கொடுத்தார்கள். மிக நுண்ணிய துகளைச் சுவாசித்த எலிகளின் ரத்தக்குழாயில் படிவுகள் பெரிதாயின. அவற்றின் ஹெச்.டி.எல்., அழற்சியைத் தணிக்கும் தன் இயல்பை இழந்திருந்தது. 2008-ல் வந்த இந்த ஆய்வு, ஹெச்.டி.எல்.லின் எண்ணிக்கையைவிட அதன் தரத்தைப் பேசவைத்தது.

எல்.டி.எல். பக்கமும் இப்படி ஒரு கேடு உண்டு. புகையின் வேதிப்பொருள்கள் எல்.டி.எல். பொட்டலத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்கின்றன. எளிதாகச் சொன்னால், எண்ணெய் சிக்குப் பிடிப்பது. அப்படிச் சிக்கேறிய எல்.டி.எல்.லைத்தான் ரத்தக்குழாய்ச் சுவரின் விழுங்கணுக்கள் அளவில்லாமல் விழுங்கி, ஊதி, அங்கேயே கிடந்து படிவமாகின்றன. அப்படியானால் இரண்டு பேருக்கு எல்.டி.எல். ஒரே 120 என்று இருந்தாலும், புகையில் வாழ்பவரின் 120 கூடுதல் ஆபத்துள்ளதாக இருக்கலாம்.

மனிதர்களிடம் சான்று உண்டா? ஹெச்.டி.எல்.லின் அளவைப் பற்றியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆறு பகுதிகளில் 45 முதல் 84 வயதுள்ள 6,654 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கரிப்புகை அதிகமுள்ள இடத்தில் வசித்தவர்களுக்கு ஹெச்.டி.எல். சற்றுக் குறைவாகவே இருந்தது.

எலியிலிருந்து சென்னைக்கு

அமெரிக்காவின் ஓஹியோவில் பணியாற்றிய சிங்குவா சுன், சஞ்சய் ராஜகோபாலன் ஆகியோரின் குழு 2009-ல் வெளியிட்ட எலி ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து வளர்த்த எலிகளை இரண்டாகப் பிரித்து, 24 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், ஒரு பிரிவுக்கு வடிகட்டிய காற்றும் மற்றதற்கு நுண்துகள் காற்றும் கொடுத்தார்கள். தீனி இரண்டுக்கும் ஒன்றுதான். நுண்துகள் சுவாசித்தவற்றுக்கு இன்சுலின் தடை அதிகம், வயிற்றுக் கொழுப்பில் அழற்சி அதிகம்.

மனித ரத்தக் கொழுப்பைப் பற்றிய பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவை. வடகிழக்குச் சீனாவின் மூன்று நகரங்களில் 15,477 பேரிடம் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. காற்றில் ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது டிரைகிளிசரைடு 2.9 சதவீதமும் எல்.டி.எல். 3.2 சதவீதமும் கூடுதலாகவும், ஹெச்.டி.எல். 1.4 சதவீதம் குறைவாகவும் இருந்தன.

சின்னமனூர் ரிப்போர்ட் ஒன்றில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். டிரைகிளிசரைடு 180 என்றால் 2.9 சதவீதம் என்பது ஐந்து புள்ளி. எல்.டி.எல். 120 என்றால் நாலு புள்ளி. ஹெச்.டி.எல். 42 என்றால் அரைப் புள்ளியைச் சற்றே தாண்டும். முந்தின இரவு என்ன சாப்பிட்டோம் என்பதே டிரைகிளிசரைடை இதைவிட அதிகமாக ஆட்டிவிடும். ஆக, ‘கொழுப்பெல்லாம் புகையால் வந்தது’ என்று சொல்லி மாத்திரையை நிறுத்துகிறவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார்.

சிறிய எண்ணை அலட்சியம் செய்யவும் முடியாது. காற்றை ஊரே சுவாசிக்கிறது. ஊர் முழுவதற்கும் ஐந்து புள்ளி ஏறினால், விளிம்பில் நின்ற பலர் ஒரே நேரத்தில் எல்லையைத் தாண்டுவார்கள். டெல்லியிலும் சென்னையிலும் 2010 முதல் 12,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. மாதச் சராசரி நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியது வெறும் 0.40 மில்லிகிராம். எந்த மருத்துவரும் கண்டுகொள்ள மாட்டார். அதே ஆய்வில் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடும்போது சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடியது. 2023-ல் வெளியான இந்த முடிவில் சென்னையும் சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. டெல்லியோடு ஒப்பிட்டால் சென்னைக் காற்று எவ்வளவோ தேவலை என்று நினைத்திருந்தவர்கள் உண்டு.

நகரத்துக் கதை கிராமத்துக்குப் பொருந்துமா? ஹைதராபாத்துக்குத் தெற்கே 28 கிராமங்களில் நடந்த ஆய்வு அதற்குப் பதில் தருகிறது. அங்கே நுண்துகள் ஆண்டுச் சராசரி சுமார் 33 மைக்ரோகிராம். இந்தியாவின் சட்ட வரம்பு 40, ஆக எல்லாமே சட்டப்படி சரி. ஆனாலும் அதிக நுண்துகளைச் சுவாசித்தவர்களின் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடித்திருந்தது. கொழுப்பு படிவதற்கு முன்னோடியான மாற்றம் அது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் விதித்த ஆண்டு வரம்பு 5.

ஆடியும் மார்கழியும்

கம்பம் பள்ளத்தாக்கில் நிற்பவருக்குக் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். மேற்கே இடுக்கி மலைகள். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியே இறங்கிப் பாயும் பசுமையான தரை நடுவே. பார்த்தால் இங்கே காற்றுக்கு என்ன குறை என்று தோன்றும். ஆண்டில் பாதி நாள் குறையும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கி நுழையும்போது பெறும் வேகம்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அம்மியை அசைக்கும் ஆடிக்காற்றில் அடுப்புப் புகை எம்மாத்திரம்?

மார்கழி வேறு. இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, கனத்த குளிர்காற்று பள்ளத்துக்கு இறங்கித் தரையோடு படுத்துக்கொள்ளும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். கீழே கிளம்பும் புகை அந்த மூடியைத் தாண்ட முடியாமல் கிடைமட்டமாகப் படர்ந்து நிற்பதை விடியற்காலையில் வெறும் கண்ணாலேயே காணலாம். மலை சூழ்ந்த பள்ளத்தாக்குகள் உலகெங்கும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

அதே நேரம் பார்த்துத்தான் சபரிமலை சீசனும் வருகிறது. கார்த்திகை தொடங்கித் தை பிறக்கும் வரை தேனி, கம்பம், குமுளி வழியே ஐயப்ப பக்தர்களின் வேனும் காரும் பஸ்ஸும் இரவு பகல் ஓயாது. கூட்டம் கூடும்போது கம்பம்மெட்டு வழியே ஏறவும் குமுளி வழியே இறங்கவும் ஒருவழிப் பாதை அமலாகும். விடியலில் தொழிலாளர் ஜீப்புகள், வெந்நீர் அடுப்புகள், செங்கல் காளவாசல், குளிர்காயக் கொளுத்தும் குப்பை எல்லாம் இதோடு சேரும். மாசி, பங்குனியில் காட்டுத்தீயின் முறை. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த தீ நாடெங்கும் செய்தியானது. உயிர்ச்சேதம் இல்லாத சிறு தீக்களின் புகை செய்தியாவதில்லை. அடிவாரத்து ஊர்கள் அதைச் சுவாசித்துவிட்டுப் போகின்றன.

கேஸ் வந்த பிறகு

2002-ல் அளந்த அந்த 436 வீடுகளின் காலம் மாறிவிட்டது. 2006-ல் அமைந்த தி.மு.க. அரசு இலவச கேஸ் அடுப்பு தந்தது, 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா கேஸ் திட்டம் வந்தது. தேனி மாவட்டத்து வீடுகளில் இன்று சிலிண்டர் அதிசயம் இல்லை. அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

கேஸ் அடுப்பு எவ்வளவு உதவும் என்று கண்டறிய, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுத்தவை விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குக் கேஸ் அடுப்பும் தொடர்ந்து சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம், விறகில் தொடர்ந்தவர்கள் சுவாசித்தது 71. புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தையின் பிறப்பு எடை கூடுகிறதா என்பதே முதன்மையான கேள்வியாக இருந்தது. 2022-ல் வந்த பதில் பலரை ஏமாற்றியது. எடையில் கிடைத்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவே.

இது கொழுப்பைப் பற்றிய சோதனை அல்லதான். ஆனால் புகை குறைந்தால் எல்லாம் உடனே சரியாகும் என்று எளிதாக வாக்குக் கொடுப்பவர்களுக்குக் கடிவாளம் போடுகிறது. பல ஆண்டுப் புகைக்குப் பிறகு சில மாதச் சுத்தக் காற்று போதாமல் இருந்திருக்கலாம். 71 என்பதே பழைய விறகடுப்பு வீடுகளோடு ஒப்பிடும்போது குறைந்த எண் என்பதும் காரணமாகலாம்.

நம்பிக்கை தருவது பெய்ஜிங். 2008 ஒலிம்பிக்கின்போது சீன அரசு ஆலைகளை மூடி, வண்டிகளைப் பாதியாக்கிக் காற்றைச் சில வாரம் சுத்தமாக்கியது. 125 இளம் மருத்துவர்களின் ரத்தத்தை அதற்கு முன்னும், அப்போதும், பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த உறைவோடு தொடர்புள்ள சில குறியீடுகள் ஒலிம்பிக் வாரங்களில் குறைந்தன. ஆலைகள் திறந்ததும் திரும்ப ஏறின. காற்றின் விளைவுகளில் சிலவாவது மீளக்கூடியவை, அதுவும் விரைவாக.

கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு இதைக் கொண்டுவந்தால் கணக்கு இப்படிப் போகிறது. குழம்பு கேஸில் கொதித்தாலும், குளிக்க வெந்நீரும் மாட்டுக்குத் தீவனக் கஞ்சியும் பல வீடுகளில் இன்னும் விறகில்தான். தென்னை மட்டை தோட்டத்தில் சும்மா கிடக்கும்போது சிலிண்டரைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? அந்த அடுப்பைத் தாழ்வாரத்திலிருந்து காற்றோட்டமான கொல்லைக்கு நகர்த்துவதும், காய்ந்த விறகையே எரிப்பதும் காசு கேட்காத வேலைகள். முழுக்க கேஸுக்கு மாறி, சோதனையில் கிடைத்த 24-ஐ எட்டினாலும் நாளொன்றுக்குச் சுவாசிப்பது 264 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வரம்புப்படி 55-தான் இருக்கலாம். இடையிலுள்ள 200 மைக்ரோகிராமில் பெரும்பகுதி வீட்டுக்காரியின் கையில் இல்லை. அது பேரூராட்சி கொளுத்துகிற குப்பையிலும், தகுதிச் சான்று புதுப்பிக்காத ஜீப்பிலும், பக்கத்துத் தெருவின் காளவாசலிலும், நெடுஞ்சாலையிலும் பிரிந்து கிடக்கிறது.